மலை எங்கே தொடங்குகிறது

எழுதத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது நான் பேனாவை எடுத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படிவத்துக்கு மேல் நான் படிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையின் மாடியில் ரவிக்கை தைக்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் யாராவது என் பெயரைக் கேட்டால் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்லவேண்டியிருக்கும். கிள்ளானில் நம்மோடு படித்தவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறோம், சின்ன வயதில் போன பயணம் ஒன்றை எழுதிக் கொடு என்று கேட்டபோது முடியாது என்றுதான் சொன்னேன்.

போன மாதம் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தேன். பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன், சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் சொன்னார். "அன்னிக்கு சித்தி மலை ஏறாம இருந்திருந்தா நம்ம குடும்பம் இப்படி ஆகியிருக்காது லா." சித்தி என்று அவர் சொன்னது என் அம்மாவை. எங்கள் குடும்பத்தில் யாருக்குச் சீக்கு வந்தாலும், யார் கல்யாணம் தட்டிப்போனாலும், யார் கடையை மூடினாலும் பழி அந்த ஒரு பயணத்தின் மேல்தான் விழும். நான் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. இலையில் இருந்த அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் காரில் இருந்தவர்களில் இன்று மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். அதனால் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

நாம் நான்காம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தபோது என் அப்பா இறந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். துறைமுகத்தில் வேலை செய்தவர். ஒரு மதியம் நெஞ்சு வலிக்கிறது என்று மூட்டை மேல் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு கொஞ்ச காலம் வகுப்பில் டீச்சர் என்னை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லவே இல்லை. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

அம்மா கேமரன் மலையில் பிறந்தவர். தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, அங்கே ரோட்டு வேலை பார்த்தவர். மண் சரிந்து விழுந்தால் வாரிப் போடுவது, ஓரத்துப் புல்லை வெட்டுவது, சாக்கடையில் அடைக்கும் மூங்கில் இலையை அள்ளுவது. அவருக்குப் பிறகு மாமா அதே வேலையில் சேர்ந்து, ஏரிக்கு மேலே இருந்த அதே அரசாங்க வீட்டில் குடியிருந்தார். தாத்தாவுக்கு மூச்சிரைப்பு. அப்பா சாவுக்கு அவரால் இறங்கி வர முடியவில்லை. மாமா மட்டும் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை எடுத்துக்கொண்டு வந்து போட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார்.

மூன்றாவது மாதம் முனைக் கடைக்கு மாமாவிடமிருந்து டெலிபோன் வந்தது. அம்மா ஓடிப்போய்ப் பேசிவிட்டு வந்தார். தாத்தாவுக்கு மூச்சு ரொம்ப இழுக்கிறதாம். மகளை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று கேட்கிறாராம். அன்று சாயங்காலம் பெரியப்பா வந்தபோது அம்மா கதவுக்குப் பின்னால் நின்று விஷயத்தைச் சொன்னார்.

பெரியப்பா அப்பாவுக்கு மூத்தவர். பஸ்ஸில் டிக்கெட் சோதிக்கிற வேலை. காக்கிச் சட்டை, இடுப்பில் விசில். எங்கள் வீட்டுக்கு அரிசி மூட்டையும் மீனும் தவறாமல் கொண்டுவந்து போட்டவர் அவர்தான். அதையும் எழுதவேண்டும். கெட்டவர் இல்லை. ஆனால் அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது சட்டம்.

"ஒரு வருஷம் ஆகட்டும்" என்றார். "சாவு விழுந்த வீடு. மலை ஏறக்கூடாது."

எங்கள் ஆட்களிடம் அந்த வழக்கம் உண்டு. வீட்டில் சாவு என்றால் ஒரு வருடத்துக்கு மலைக்கோயில் ஏற மாட்டார்கள், தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போக மாட்டார்கள். கேமரன் மலையில் தேயிலையும் முட்டைக்கோசும்தான் இருக்கின்றன. இதைப் பெரியப்பாவிடம் எடுத்துச் சொன்னது அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. அப்போது கல்யாணம் ஆகவில்லை. கிள்ளானில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆம்பளைகளே பயந்து பயந்து ஓட்டிய காலத்தில் அத்தை மீசை வைத்த ஆட்களை அதட்டி ரிவர்ஸ் எடுக்க வைப்பார்.

"பெரியண்ணே, அது கோயில் மலைக்குச் சொன்னது."

"சாமி எந்த மலையில இருக்கு, எந்த மலையில இல்லன்னு நீ போய்ப் பாத்துட்டு வந்தியா?"

"அண்ணி பொறந்ததே அங்கதான். பொறந்த வீட்டுக்குப் போறதுக்கு என்ன தீட்டு?"

"கீழ பொறந்திருந்தா நானே கூட்டிட்டுப் போவேன். மேல பொறந்தது யாரு தப்பு?"

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. அம்மா கதவுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தார். அப்பா இறந்த பிறகு பெரியப்பா முன்னால் அவர் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"அத்தான், நான் உங்ககிட்ட கேக்கல. சொல்றேன். ஞாயித்துக்கெழம போறேன்."

அத்தை கார் ஓட்டுவதாக ஏற்பாடு ஆயிற்று. ஸ்கூல் முதலாளியிடம் கேட்டு, பாடம் எடுக்கிற நீலக் காரையே கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பார்த்தால் பின் சீட்டில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு துண்டு.

"ரெண்டு பொம்பளைங்கள தனியா அனுப்ப முடியாது. தாப்பா வரைக்கும் வரேன். அங்க மலை ஆரம்பிக்கும். நான் கீழ கோப்பிக்கடையில ஒக்காந்திருக்கேன், நீங்க போயிட்டு வாங்க. என் மேல தீட்டு வரக்கூடாது."

அந்தக் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். முன்னும் பின்னும் தகரத்தில் 'எல்' எழுத்து. இடது பக்க சீட்டுக்குக் கீழே வாத்தியாருக்கென்று இன்னொரு பிரேக். அதற்கு மேலே இன்னொரு கண்ணாடி. சீட்டில் எத்தனையோ பேருடைய பயத்தின் வியர்வை நாற்றம். அத்தை வலது பக்கம் உட்கார்ந்து ஓட்ட, அம்மா இடது பக்கம் உட்கார்ந்தார். அவர் காலடியில் அந்த இரண்டாவது பிரேக். எங்களைத் தாண்டிப்போன கார்களில் இருந்தவர்கள் எல்லாம் 'எல்' எழுத்தைப் பார்த்துவிட்டு, ஓட்டுகிற அத்தைதான் பழகுகிறவர், வெள்ளைப் புடவையில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் அம்மாதான் வாத்தியார் என்று நினைத்திருப்பார்கள்.

அப்போது வடக்கே போக நெடுஞ்சாலை இல்லை. பழைய சாலைதான். ரவாங், தஞ்சோங் மாலிம், பீடோர் என்று ஊர் ஊராக நின்று நின்று போகும். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகத் திரும்பிக்கொண்டே வரும். ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைகளில் தண்ணீர் பாசிப் பச்சையாகக் கிடந்தது. "இதுவாம்மா ஏரி?" என்று ஒவ்வொரு குட்டைக்கும் கேட்டேன். "இல்ல. ஏரி வந்தா நீ கேக்க மாட்ட" என்றார் அம்மா. என் கையில் மஞ்சள் மூடி போட்ட பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி இருந்தது. அப்பா சம்பள நாளில் பாசாரில் வாங்கிக் கொடுத்தது. அதை அந்தப் பயணத்தில்தான் எங்கேயோ தொலைத்தேன். இன்றைக்கும் கடைகளில் மஞ்சள் மூடியைப் பார்த்தால் கை போகும்.

தாப்பாவில் சீனன் கோப்பிக்கடை முன்னால் அத்தை நிறுத்தினார். பெரியப்பா இறங்கி, கோப்பி சொல்லி, பாதி குடித்தார். அம்மா காரை விட்டு இறங்கவே இல்லை. மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என்ஜினைப் போட்டதும் பெரியப்பா மிச்சக் கோப்பியைத் தட்டில் ஊற்றி ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு வந்து கதவைத் திறந்தார்.

"என்னண்ணே?"

"இது டவுனு. கடகண்ணி எல்லாம் இருக்கு. இங்க எங்க மலை? மலை ஆரம்பிக்கிற எடத்துல எறக்கி விடு."

சாலை காட்டுக்குள் நுழைந்து வளைய ஆரம்பித்தது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமில்லை. மூங்கில்கள் சாலைக்கு மேல் கவிந்து நின்றன. ஈர மண்ணும் அழுகிய இலையும் சேர்ந்த வாசனை. அத்தை கண்ணாடி வழியே பின்னால் பார்த்தார்.

"பெரியண்ணே, இங்க?"

"காட்டுக்குள்ளயா எறக்குவ? இது காடு. மலை இல்ல."

எனக்குக் காது அடைத்தது. அம்மா எல்லாருக்கும் உப்புப் போட்ட புளிப்பு அசாம் பழம் கொடுத்தார். பெரியப்பா அதைச் சப்பிக்கொண்டே அடிக்கடி எச்சில் விழுங்கினார். "காது அடைக்குதாண்ணே?" என்று அத்தை கேட்டார். "எனக்கு என்ன" என்றார் பெரியப்பா, தேவைக்கு மேல் சத்தமாக.

ஒரு வளைவில் எதிரே காய்கறி லோரி இறங்கியது. சாலை முழுவதும் அதுவாகவே தெரிந்தது. அம்மா தன்னை அறியாமல் இரண்டாவது பிரேக்கை அழுத்திவிட்டார். கார் குலுங்கி நின்று, என்ஜின் அணைந்துபோயிற்று. பெரியப்பா துண்டை வாயில் வைத்துக் கடித்தார். அத்தை ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பாடம் எடுக்கிற குரலிலேயே பேசினார்.

"அண்ணி, கால எடுங்க."

"எடுத்துட்டேன் பாப்பா."

"இல்ல. இன்னும் வச்சிருக்கீங்க."

அம்மா குனிந்து பார்த்துத்தான் காலை எடுத்தார். லோரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "டீச்சர், இங்கயா பாடம் எடுக்குற?" என்று மலாயில் கேட்டார். அத்தை அம்மாவைக் காட்டி, "இன்னைக்கு இவங்களுக்கு டெஸ்ட்" என்று மலாயிலேயே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு ஓரம் ஒதுங்கி வழிவிட்டார். அந்தக் குலுக்கலிலோ வேறு எங்கேயோ பின்பக்கத் தகர 'எல்' கழன்று விழுந்துவிட்டது. முதலாளியிடம் அத்தை திட்டு வாங்கினார்.

பெரிய அருவி ஒன்று சாலை ஓரத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. காட்டுப் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி பெண்கள் தேன் புட்டிகளையும் பெத்தாய் அவரைக் கொத்துகளையும் தொங்கவிட்டு விற்றார்கள். பெரியப்பா இறங்கி முகம் கழுவினார். இங்கே இருந்துகொள்கிறேன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தோம். ஈர முகத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அருவி அடிவாரத்துலதான் விழும்" என்றார்.

அம்மா அப்போது சிரித்தார். அப்பா போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அங்கேதான். பெரியப்பாவும் அதைக் கேட்டார். அவர் ஏன் தாப்பாவில் தங்கவில்லை என்று எனக்கு இன்றும் நிச்சயமாகத் தெரியாது. எங்களுக்காகப் பயந்தாரா, தனியாக உட்காரப் பயந்தாரா. தம்பி செத்த பிறகு அவர் எங்கேயும் தனியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் தோன்றுகிறது. அப்போது எங்கள் எல்லாருக்கும் அது வீம்பாகத்தான் தெரிந்தது.

ரிங்லெட் வந்தது. "இதுவும் டவுனு" என்றார், யாரும் கேட்காமலே. அதைத் தாண்டி ஒரு வளைவு திரும்பியதும் ஏரி. அம்மா சொன்னது சரி, நான் கேட்கவில்லை. சுற்றிலும் கரும்பச்சை மலைகள். நடுவில் தண்ணீர் அசையாமல், மேலே மெல்லிய புகையோடு கிடந்தது. கரையில் ரோஜாச் செடி நாற்றுகளைத் தகர டப்பாக்களில் விற்றுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியை இறக்கினால் முகத்தில் பச்சைத் தண்ணீர் தெளித்த மாதிரி குளிர். அம்மாவின் தோள்கள் கீழே இறங்கின. அதுவரை அவர் அவற்றைத் தூக்கி வைத்திருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பாத்தியா" என்றார் பெரியப்பா. "தண்ணி எப்படிச் சமமா நிக்குது. மலைன்னா நிக்குமா? ஓடிரும். இது தரைதான்."

"சரிண்ணே" என்றார் அத்தை. அவருக்கும் அலுத்துவிட்டது.

மாமாவின் வீடு ஏரிச் சாலைக்கு மேலே, சரிவில் இருந்தது. சாலையிலிருந்து சிமெண்டுப் படிகள் ஏறின. பாசி பிடித்த, உயரமான படிகள். பெரியப்பா காரை விட்டு இறங்கி அந்தப் படிகளைப் பார்த்தார். இதைத் தரை என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

"நான் இங்க நிக்கிறேன்" என்றார்.

அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். பெரியவர்கள் ஓடி நான் பார்த்ததில்லை. நானும் அத்தையும் மேலே போவதற்குள் அம்மா தாத்தாவின் நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அவர் முட்டியில் முகத்தை வைத்திருந்தார். தாத்தா ஒரு பழைய ராணுவக் கம்பளியைச் சுற்றியிருந்தார். நெஞ்சு ஏறி இறங்குவது கம்பளிக்கு மேலேயே தெரிந்தது. அம்மாவின் வெறும் நெற்றியைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். எதையோ துடைக்கிற மாதிரி.

பிறகுதான் கேட்டார். "யாரு கூட வந்தீங்க?"

கீழே பெரியப்பா நிற்கிறார் என்று அத்தை சொன்னார். ஏன் நிற்கிறார் என்றும் சொல்லவேண்டியதாயிற்று. தாத்தா எழுந்திருக்கப் பார்த்தார்.

"செத்தவரோட அண்ணன். வாசல்ல நிக்கிறாரு. நான் இன்னும் அவருகிட்ட துக்கம் கேக்கல. கேக்காம எப்படி ஒரு வா தண்ணி குடுக்குறது? நான் எறங்குறேன்."

"எறங்கக் கூடாது" என்றார் அம்மா. "எறங்குனா ஏற முடியாது உங்களால."

அம்மா வெளியே வந்து படியின் மேல் நின்றார். "அத்தான், மேல வாங்க. அப்பா கூப்புடுறாங்க."

"நான் ஏறக்கூடாதும்மா."

"எங்கப்பா எறங்கக் கூடாது."

ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு பெரியப்பா நின்றார். அவர் ஏறவில்லை. ஏறியிருந்தால் கதை நன்றாக இருக்கும், ஆனால் ஏறவில்லை. கடைசியில் மாமாவும் அத்தையும் தாத்தாவை நாற்காலியோடு தூக்கி வந்து மேல் படியில் வைத்தார்கள். கீழே சாலை ஓரத்தில் பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கை கூப்பினார். மேலே இருந்து தாத்தா கை கூப்பினார். இரண்டு பேரும் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"மாப்ள, தம்பி எப்படிப் போனாப்ல?"

"மத்தியானம் மாமா. நெஞ்சு வலின்னு ஒக்காந்தான்."

காய்கறி லோரி ஒன்று உறுமிக்கொண்டு போயிற்று.

"கேக்கல மாப்ள."

"நெஞ்சு வலின்னு ஒக்காந்தான் மாமா. தண்ணி கேட்டிருக்கான்."

இன்னொரு லோரி. அதற்குப் பின்னால் பள்ளிப் பிள்ளைகள் நிறைந்த சுற்றுலா பஸ். அவர்கள் எங்களுக்குக் கை ஆட்டினார்கள்.

"என்ன மாப்ள?"

"தண்ணி கேட்டிருக்கான் மாமா. எடுத்துட்டு வரதுக்குள்ள..." என்று ஆரம்பித்த பெரியப்பா முடிக்கவில்லை. சாலை அப்போது காலியாகத்தான் இருந்தது. அப்படியே ரோட்டு ஓரச் சாக்கடைக் கட்டில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பாவைத் தூக்கியபோதுகூட அழாமல், அதைப் பிடி இதைப் பிடி என்று விசில் ஊதாத குறையாக நின்றவர். மேலே தாத்தா மூச்சு இழுக்க இழுக்க, "அழுங்க மாப்ள, அழுங்க" என்றார். ரோஜாச் செடி விற்ற பெண் ஒருத்தி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சோறு மேலே எங்களுக்கும் கீழே பெரியப்பாவுக்குமாக இரண்டு இடத்தில் நடந்தது. மாமா தட்டோடு இறங்கி ஏறினார். பிறகு புறப்படுகிற நேரம். அம்மா என்னை அழைத்துக்கொண்டு கீழே வந்து, காரில் ஏற்றிவிட்டு, கதவைச் சாத்தினார். அவர் ஏறவில்லை.

"நான் அப்பாகூட இருக்கேன், அத்தான். ஒரு வாரம் இருப்பேன், பத்து நாள் இருப்பேன். பிள்ளைக்குப் பரீட்ச இருக்கு, பாப்பா பாத்துக்கும்."

"ஊர் என்ன சொல்லும்?" என்றார் பெரியப்பா. கண் இன்னும் சிவந்திருந்தது. "புருஷன் போயி மூணு மாசத்துல மலை மேல போயி ஒக்காந்துட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

"ஆமா. அப்படியே சொல்லுங்க. மாத்திச் சொல்லாதீங்க."

பெரியப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முன் கதவைத் திறந்து, இரண்டாவது பிரேக் இருந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

தாத்தா அந்த வருடம் போகவில்லை. அதற்கடுத்த பல வருடங்களும் இருந்தார், அம்மா ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார், யாரிடமும் கேட்டுக்கொண்டு போகவில்லை. அண்ணன் இதைப் படித்தால் படிக்கட்டும். சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு இருந்துவிட்டாளே என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விட்டுவிட்டுத்தான் இருந்தார். நான்தான் அந்தப் பிள்ளை. எனக்குக் குறை இல்லை. எனக்கு இல்லாத குறை மற்றவர்களுக்கு எதற்கு?

மறுநாள் திங்கட்கிழமை. கிள்ளானில் மழை. பெரியப்பா வேலைக்குப் போனார். அத்தைக்குக் காலையிலேயே பாடம் இருந்தது. நான் என் தலையை நானே பின்னிக்கொண்டு, கோணல் வகிடோடு பள்ளிக்கூடம் போனேன்.